அக்கா லைனை நிறுத்திய நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனால் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, "நீதான் உங்க அக்காகூட ஒரே கம்பெனில வேல செஞ்சவன், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில். அப்பா போனபோது அக்கா பத்தாவது முடித்திருந்தார். மேலே படிக்கும் ஆசையை விட்டுவிட்டு கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். நகரும் பெல்ட்டின் இரு பக்கமும் நின்று, ஸ்கூட்டருக்குள் ஓடும் ஒயர்களைக் கத்தையாகக் கட்டும் வேலை; அந்த வரிசையைத்தான் லைன் என்போம். பிறகு என்னையும் அதே லைனின் கடைசியில், பேக்கிங் மேசையில் சேர்த்துவிட்டார். மாமாவைத் திருமணம் செய்து ஆதம்பாக்கம் போன பிறகும் எனக்கும் சேர்த்தே டிபன் கட்டி வருவார்.

அக்காவின் கைவேகத்துக்காக லைனில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். எதிர்ப்பக்கம் அதே வேலையைப் புதிதாக வந்த கஸ்தூரி செய்தாள்.

ஒரு சமயம் பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஹாரனை அழுத்தினால் இண்டிகேட்டர் எரிகிறதாம். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் லைனையே மூடிவிடுவோம் என்றார் மேனேஜர். அதாவது பதினெட்டுப் பெண்களும் நானும் வீட்டுக்கு.

அப்போதுதான் கைசன் என்கிற ஜப்பான் முறையைக் கொண்டுவந்தார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வது, குழுவாக உட்கார்ந்து யோசிப்பது. தலைக்கு மேலே ஒரு நைலான் கயிறு கட்டினார்கள். தவறைப் பார்த்தவர் இழுத்தால் லைன் நிற்கும். எல்லோரும் கூடிக் காரணம் தேட வேண்டும். மூன்று வாரம் ஒருவரும் அதைத் தொடவில்லை. புதுசு என்பதால் கஸ்தூரிதான் தப்பு செய்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அழுதேவிட்டாள்.

அன்று சாப்பாட்டு நேரம் முடிந்ததும், அவள் கட்டிய கத்தைகள் வந்து சேரும் தட்டை நேரில் பார்க்கலாம் என்று அக்கா என் மேசைக்கு வந்தார். நான் அப்போது ஒரு கத்தையில் ஒயரை மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா."

"இது என் தட்டுதான?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தினி நாளா இந்த வேல?"

"நாலு மாசமா. கண்ணுல பட்டத சரி பண்ணி வச்சிடுவேன். படாதது போயிடும் போலருக்கு. நீ அக்கா, உங்கிட்ட எப்டி சொல்றது?"

"அக்கான்னா? நீ மூடி வச்சா எனக்கு எப்டிடா தெரியும்? அந்தப் பொண்ணு அங்க அழுதுக்கினு கீது!"

விறுவிறுவென்று போய் கயிற்றை இழுத்தார். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தப்பு நான்தான் சார் பண்ணிக்கினு இருந்தேன். ஏன்னு எல்லாரும் வந்து பாருங்க."

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எக்ஸ்பிரஸே தடம் மாறிடுச்சா?" என்றாள். அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு லைனே சிரித்தது.

எல்லோரும் அக்காவின் இடத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சிவப்பும் பழுப்பும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. அக்கா பக்கம் மட்டும் மேல் பலகையின் நிழல் விழுந்தது. அந்த நிழலில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. நடுவில் வெள்ளை ஒயர்ப் பெட்டியை வைத்தோம், டியூப் லைட்டை முன்னால் தள்ளி மாட்டினோம். கத்தையைச் செருகிப் பார்க்க என் மேசையில் ஒரு பல்புப் பலகையும் வந்தது. இணைப்பு சரியாக இருந்தால்தான் பல்பு எரியும். அது அக்காவின் யோசனை. "என் தம்பி வாயத் தொறக்க மாட்டான் சார், பல்பாவது சொல்லட்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து ஆளாளுக்குக் கயிற்றை இழுத்தார்கள். "கயிறு அறுந்துடும்மா, கொஞ்சம் வேலையும் பாருங்க" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். மாத முடிவில் ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. லைன் பிழைத்தது. இன்றும் ஓடுகிறது.

போன வருடம் அக்கா நோயில் படுத்தபோது, அந்தப் பெண்கள் ஷிப்டு போட்டு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார்கள். யார் எப்போது என்று கஸ்தூரி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒருநாள்கூட அக்கா தனியாக இல்லை. கடைசி வாரத்திலும் மருந்துப் புட்டிகளை வேளைவாரியாகத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லி நர்ஸம்மாவைச் சிரிக்கவைத்தார்.

அந்தப் பெண்களுக்கும், கண்ணும் கருத்துமாகப் பார்த்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த ஆதம்பாக்கம் அக்கம்பக்கத்தாருக்கும், கூடவே நின்ற கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் யாரையாவது விட்டிருப்பேன். அது என் தவறு. இவன் மனசு கஷ்டப்படுமே என்று மூடி வைக்காமல் என்னிடம் நேரில் சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் திருத்திவிடுவேன்.