கீழ்த்தட்டு மெழுகுதிரி

"மன்னாரிலை இருந்து பலெர்மோ வரைக்கும் மூடநம்பிக்கை ஒரு சொட்டும் இல்லாத தமிழன் ஒரே ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் இப்ப உமக்கு முன்னாலை நிண்டு கோப்பி குடிக்கிறான்."

இப்படிச் சொன்னவர் யாக்கோபு. சொன்ன இடம் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோச் சந்தையில், மீன்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் மூலையிலுள்ள கோப்பிக்கடை. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய சிநேகிதன் தவராசா. கடை வாசலில் தவராசாவின் புதுக் குளிர்சாதனப்பெட்டி, அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடி, இருவருக்குமாகக் காத்துக்கொண்டிருந்தது.

சங்கதி இதுதான். சந்தைக்குப் பின்னாலிருக்கும் பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் தவராசா குடியிருக்கிறார். லிப்ற் கிடையாது. பெட்டியை ஏற்றிவிட யாக்கோபு தான் குடியிருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ் எடுத்து வந்திருக்கிறார். வந்தவரிடம் தவராசா மெல்ல, "அண்ணை, ராகுகாலம் நடக்குது. முடிஞ்ச உடனை ஏத்துவம்" என்றிருக்கிறார். பெருமைப் பேச்சு அதிலிருந்து பிறந்தது.

"பிறிஜ்ஜுக்கும் ராகுகாலமோ?" என்றார் யாக்கோபு. "உள்ளை வைக்கிற கத்தரிக்காய்க்கும் சாதகம் பாத்தனீரோ?"

"பகிடி பண்ணுங்கோ. ஒருநாளைக்கு உங்களுக்கும் ஒரு பயம் வரும், அப்ப பாப்பம்."

"எனக்கோ? வந்தா, தவராசா, இந்தச் சந்தைச் சனம் எல்லாம் சாட்சி, உம்மடை அஞ்சு மாடிப் படியையும் நான் ஓசியிலை கழுவித் தாறன்!"

இந்தச் சபதத்தின் பாரம் வெளியாருக்கு விளங்காது. யாக்கோபு படி கழுவுவதில் இந்த நகரத்தின் மூத்த நிபுணர். மன்னார்ப் பேசாலையிலிருந்து இளந்தாரியாக வந்து இறங்கிய நாள்தொட்டு, சிஞ்ஞோராமார் என்ற இத்தாலிய எசமானிமாரின் வீடுகளிலும், பிறகு மாடிக் குடியிருப்புகளிலும் அவர் தேய்த்த படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பரலோகத்தின் வாசலுக்குப் பக்கத்திலாவது போய்ச் சேரலாம். அப்பேர்ப்பட்டவர் ஓசியில் படி கழுவுவது, மந்திரி தன் பெட்டியைத் தானே தூக்குவதற்குச் சமம்.

மூடநம்பிக்கைக்கு எதிரான அவருடைய போர் நீண்டது, வீரமானது, பெரும்பாலும் தோல்வியில் முடிந்தது. வேலை செய்த ஒரு வீட்டில், கட்டிலில் தொப்பி வைத்தால் சாவு வரும் என்று சிஞ்ஞோரா நம்பினாள். அவளைத் திருத்துவதற்காக யாக்கோபு தன் தொப்பியை வேண்டுமென்றே கட்டிலில் வைத்தார். சிஞ்ஞோரா திருந்தவில்லை. விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் அன்றைக்கே அவரைக் கொண்டு தோய்ப்பித்தாள். ஏணிக்குக் கீழே போனால் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏணிக்குக் கீழேயே போனார். மேலே நின்றவனின் பெயின்ற் வாளி அவர் தோளில் கவிழ்ந்தது. "இது துரதிர்ஷ்டமில்லை, இது பெயின்ற்" என்று பச்சைத் தோளோடு பூசைக்குப் போய் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார்.

அந்தச் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே அவளைப் பராமரித்த டொயினா என்ற ரோமேனியப் பெண்ணும் இருந்தாள். நல்லது எதையாவது சொன்னால் கண்ணூறு படாமலிருக்க "தூ, தூ, தூ" என்று துப்புவாள். யாக்கோபு அவளுக்கும் பாடம் எடுத்தார். "ஜாக்கோமோ, நீ படியைக் கழுவு" என்றாள் அவள், அவர் பேரை இத்தாலியனாக்கி. சிஞ்ஞோரா கண்மூடிய பின் டொயினா தன் ஊரான சுச்சாவாவுக்கே திரும்பிவிட்டாள். போகும்போது, "நீயும் யோசப்பினும் ஒருக்கா வரவேணும்" என்று சொல்லிப் போனாள்.

அந்த அழைப்பு சும்மா கிடந்தது, யோசப்பினின் மார்பில் ஒரு கட்டி வரும்வரை.

யோசப்பின் யாக்கோபின் மனைவி. அதிகம் கதைக்கமாட்டாள். வீட்டில் அதற்கு இடமும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரச் சிலநாள் ஆகும் என்றார்கள். அன்றிலிருந்து யாக்கோபு பேசுவதை நிறுத்தினார். ஒரே படியை இரண்டுதரம் கழுவினார். பூசை முடிந்ததும் யாரோடும் தர்க்கிக்காமல் வீட்டுக்கு வந்தார். அவருக்குத்தான் வருத்தமோ என்று கோயிற்சனம் விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

யோசப்பின்தான் முடிவெடுத்தாள். "இஞ்சேருங்கோ, வீட்டிலை இருந்து போனைப் பாத்துக்கொண்டிருந்தா கட்டி நல்ல கட்டியா மாறுமோ? டொயினாட்டைப் போட்டு வருவம். ஜெசிக்கா முடிவை எடுத்துப்போட்டுச் சொல்லுவாள்."

ஜெசிக்கா மகள். "ஓம் அம்மா, நான் போய் எடுக்கிறன். அப்பா மட்டும் நூறுதரம் கோல் பண்ணக்கூடாது, பெர் ஃபவோரே" என்று இத்தாலியனில் கெஞ்சினாள்.

புறப்பட்டார்கள். யாக்கோபு தன் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ, பாஸ்போட், விவாகப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி நெஞ்சோடு அணைத்தபடி விமானம் ஏறினார். ரோமேனியா இப்போது செங்கன் என்ற எல்லைச் சோதனையில்லாத நாடுகளின் கூட்டுக்குள் வந்துவிட்டபடியால் இறங்குமிடத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டியும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் ஒருவர்கூடத் தன்னைச் சந்தேகிக்கவில்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

சுச்சாவா ஒரு காலத்தில் மொல்தாவிய மன்னர்களின் தலைநகரம். டொயினாவின் வீடு இருந்த பகுதி மட்டும் அச்சொட்டாக பிரான்காச்சோ போல, வரிசை வரிசையான அடுக்குமாடிகள். "இவ்வளவு தூரம் பறந்து வந்தும் எங்கடை தெருதானோ?" என்றார் யாக்கோபு. அது பல நாட்களுக்குப் பிறகு அவர் விட்ட முதற் பகிடி. யோசப்பின் சிரித்தாள். மலைமேலிருந்த பழங்கோட்டைக்குப் போனார்கள். துருக்கிப் படையெல்லாம் வந்து முட்டிய மதில் என்று டொயினா பெருமையாகச் சொல்ல, யாக்கோபு குனிந்து படியைத் தடவிப் பார்த்தார். "கல்லு நல்ல கல்லு. மூலை முடுக்கெல்லாம் ஊத்தை" என்று தீர்ப்பளித்தார். ஆனாலும் கை அடிக்கடி சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

மறுநாள், பரிசோதனை முடிவு வரவேண்டிய நாள், டொயினாவின் காரில் மடங்களைப் பார்க்கப் போனார்கள். முதலாவது வொரொனெட்ஸ். சின்னக் கோயில். ஆனால் வெளிச்சுவர் முழுக்க, கூரைக்குக் கீழிருந்து நிலம்வரை, படம். பின்னணி முழுவதும் ஒரு நீலம், நூற்றாண்டுக் கணக்கில் மழை அடித்தும் கழுவ முடியாத நீலம். தொழில்முறையில் யாக்கோபு அதற்குத் தலைவணங்கினார். மேற்குச் சுவரில் இறுதித் தீர்வை, உலக முடிவில் கடவுள் நடத்தும் விசாரணை. நெருப்பு ஒரு ஆறாக ஓடுகிறது. ஆத்துமாக்களை நிறுக்க ஒரு தராசு தொங்குகிறது. குட்டிப் பேய்கள் ஒரு தட்டைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. செத்தவர்கள் எழும்புவதற்காக, தின்ற கையையும் காலையும் மிருகங்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கின்றன. யோசப்பின் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாக்கோபுக்கு அது பிடிக்கவில்லை. "வாரும், மெழுகுதிரி கொளுத்துவம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மெழுகுதிரி மூடநம்பிக்கை இல்லை. அது விசுவாசம். இந்த வித்தியாசத்தை அவர் பலருக்கு விளக்கியிருக்கிறார்.

கோயிலுக்கு வெளியே, தகரக் கூடொன்றில், மணல் பரப்பிய இரண்டு தட்டுகள், மேலொன்று கீழொன்று. மேல்தட்டு நிறைந்திருந்தது. காற்றும் அதில்தான் அடித்தது. கீழ்த்தட்டில் இடமும் இருந்தது, அமைதியும் இருந்தது. புத்தியுள்ள எந்தக் கத்தோலிக்கனும் செய்வதைத்தான் யாக்கோபு செய்தார். மெல்லிய மஞ்சள் திரி ஒன்றைக் கொளுத்தி, யோசப்பினின் பேரை மனதுக்குள் சொல்லி, கீழ்த்தட்டில் ஊன்றிவிட்டு, நிமிர்ந்து மார்பில் சிலுவை போட்டபடி கோயிலுக்குள் போனார். யோசப்பின் கொஞ்சம் பிந்தி வந்தாள்.

பார்த்து முடித்து, வாசலுக்கு வெளியே கோப்பி குடித்தார்கள். டொயினா பெருமூச்சு விட்டாள். "எங்கள் வழக்கம் அழகானது, ஜாக்கோமோ. மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. மேலே மகளுக்கு ஒன்று வைத்தேன், கீழே என் புருசனுக்கு ஒன்று."

யாக்கோபு கோப்பியைக் கீழே வைத்தார்.

"தொப்பியை... உள்ளை விட்டிட்டு வந்திட்டன்" என்று எழும்பினார். தொப்பி அவர் தலையில் இருந்தது. யோசப்பின் அதைப் பார்த்தாள்.

ஓடினார். சொந்த மனைவியை, முடிவு வருகிற நாளாகப் பார்த்து, தன் கையாலேயே செத்தவர்களோடு வைத்திருக்கிறார். கூட்டின் முன் போய் மூச்சிரைத்தபடி குனிந்தார். தகரத்தில் புகைபடிந்த எழுத்துகள் இப்போதுதான் கண்ணில் பட்டன. கீழே "மோர்ட்ஸ்". இத்தாலியனில் "மோர்த்தி", செத்தவர்கள். குழந்தைக்கும் விளங்கும். ஆனால் எது யோசப்பினின் திரி? எல்லாம் மஞ்சள், எல்லாம் மெல்லியது, எல்லாம் ஒரேயளவாக எரிந்துகொண்டிருந்தது.

பகுத்தறிவாளர் யாக்கோபு ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி மேல்தட்டுக்கு ஏற்றத் தொடங்கினார். ஒன்று, இன்னொன்று, கைப்பிடியாக நாலைந்து. மெழுகு விரலில் ஊற்றியது. சுட்டது. நிறுத்தவில்லை. சுவரில் தேவதூதர் எக்காளம் ஊதியும் எழும்பாத மொல்தாவியரை, சுவருக்கு இந்தப் பக்கம் பேசாலை யாக்கோபு கொத்துக் கொத்தாக எழுப்பிக்கொண்டிருந்தார்.

"சிஞ்ஞோரே!" கறுப்பு உடுப்பும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு கன்னியாஸ்திரி பின்னால் நின்றாள். யாத்திரிகர்களோடு பழகியதில் இத்தாலியன் நன்றாகவே வந்தது அவளுக்கு. "என்ன செய்கிறீர்கள்?"

"என் மனைவி உயிரோடு இருக்கிறாள்" என்றார் யாக்கோபு.

"சந்தோசம். ஆனால் இவர்கள் எல்லாரும் செத்தவர்கள்."

யாக்கோபு நடந்ததைச் சொன்னார். கட்டியையும் சொன்னார். கன்னியாஸ்திரி பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கள் மனைவியுடையது எது?"

"தெரியாது, சிஸ்டர்."

"அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பிக் கீழே வையுங்கள். ஒவ்வொன்றும் யாரோ அழுதுகொண்டு கொளுத்தியது."

வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு மன்னிப்புக் கேட்டு ஊன்றினார். மேல்தட்டிலிருந்த உண்மையான உயிருள்ளவர்கள் சிலரும் இந்த அவசரத்தில் கீழே போயிருக்கக்கூடும். அதைப் பற்றி நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை. பிறகு ஓடிப்போய் ஒரு கட்டு முழுவதும் புதுத் திரி வாங்கிவந்து, மேல்தட்டில் மணல் தெரியாமல் நட்டார்.

"இவ்வளவும் யாருக்கு?"

"ஒரே ஆளுக்கு, சிஸ்டர்."

கடைசித் திரி கையில் இருக்கும்போதே வாசற் பக்கமாக யோசப்பின் வருவது தெரிந்தது. கையில் போன். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே நடை நடக்கிற மனுசி அவள்.

"ஜெசிக்கா கதைக்கிறாள்" என்று போனை நீட்டினாள்.

"அப்பா! பெனிஞ்ஞோ! ஒண்டுமில்லையாம், சும்மா கட்டியாம்! அப்பா? அப்பா, அழுறீங்களோ?"

"இல்லை பிள்ளை, மெழுகுதிரிப் புகை" என்று சொல்லிவிட்டு யாக்கோபு இறுதித் தீர்வைக்கு முன்னால் புல்லில் குந்திவிட்டார். பின்னாலேயே வந்து சேர்ந்த டொயினா யோசப்பினைக் கட்டிப்பிடித்து, "தூ, தூ, தூ" என்றாள். யாக்கோபு அவளைத் திருத்தவில்லை. யாரும் பார்க்காதபடி, புல்லுக்குள், தானும் மூன்றுதரம் துப்பினார்.

அதற்குப் பிறகு பார்த்த மடங்கள் எல்லாம் வடிவாக இருந்தன. ஹுமோரின் சிவப்பு வடிவு. சுச்சேவிட்சாவின் பச்சை வடிவு. அங்கே சுவரில் பரலோகத்துக்கு ஏணி சாத்தியிருக்கிறது, பாவிகள் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறார்கள். "பாரும் யோசப்பின், ஏணிக்குக் கீழை நிண்டா எல்லாம் தலையிலைதான் விழும். நான் அனுபவத்திலை சொல்லுறன்" என்றார் யாக்கோபு. டொயினா சமைத்த சோளமாக் களியைப் பால்கட்டியோடு மூன்றுதரம் வாங்கிச் சாப்பிட்டார். இத்தனை நாள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசினார். டொயினா பாவம்.

திரும்பி வரும்போது, விமானம் முகிலுக்கு மேலே போனபின், யோசப்பின் யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"விரல் இன்னும் எரியுதோ?"

"எந்த விரல்?"

"நீங்கள் என்ரை திரியைக் கீழ்த்தட்டிலை ஊண்டினதை நான் பாத்தனான். டொயினா செத்த புருசன்ரை பேரைச் சொல்லிக் கீழை வைச்சதையும் அதுக்கு முதலே பாத்தனான். நீங்கள் அங்காலை திரும்பினவுடனை எடுத்து மேலை வைச்சிட்டன்."

யாக்கோபு தன் விரல்களைப் பார்த்தார். "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பயப்பிடுவியள் எண்டு."

"நானோ?"

"இல்லை, இல்லை. நீங்கள் தொப்பி எடுக்கத்தானே ஓடினீங்கள்."

பலெர்மோவில் தவராசா விசாரித்தபோது யாக்கோபு எல்லாம் சொன்னார். கோட்டை, நீலம், தராசு, களி, நல்ல முடிவு. மெழுகுதிரிப் பகுதியை மட்டும், நேரம் போதாமையால் விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை தவராசா வேலைக்குப் போகக் கதவைத் திறந்தார். குளோறின் மணம் மூக்கில் அடித்தது. ஐந்தாம் மாடிப் படி பளபளத்தது. நாலாம் மாடிப் படியும் பளபளத்தது. சுவரோரமாக நுனிக்காலில் இறங்கி வந்து பார்த்தால், இரண்டாம் மாடியில் யாக்கோபு முழங்காலில் நின்று மூலை தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சொந்த வாளி, பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் வந்தது.

"அண்ணை... இது என்ன?"

"ஊத்தையாக் கிடந்தது" என்றார் யாக்கோபு, நிமிராமல்.

தவராசா அவரைப் பார்த்தார். சிவந்திருந்த அவர் விரல் நுனிகளைப் பார்த்தார். கபோச் சந்தைச் சனத்தை எல்லாம் கூப்பிடலாமோ என்று ஒரு கணம் யோசித்ததாகத் தெரிகிறது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, ராகுகாலம் தொடங்கீட்டுது."

மற்ற நாளென்றால் அந்தக் கட்டடமே அதிர்ந்திருக்கும். யாக்கோபு துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். காய்ந்த படி ஒன்றாகப் பார்த்து அமர்ந்தார்.

"எப்ப முடியும்?" என்று கேட்டார்.