என்னைத் தாண்டிப் போன குங்குமத் தட்டு

செல்போனில் பார்த்து ஆசைப்பட்டு, கரைகூட இல்லாத சந்தன நிறப் புடவை ஒன்று வாங்கினேன். கடுகளவு பொட்டு வைத்து, தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, அவசரத்தில் பூகூட வைக்காமல், கண்டனூரில் தோழி மகள் கல்யாணத்துக்கு டவுன் பஸ் ஏறினேன்.

வாசலில் ஒரு பெண் எல்லோருக்கும் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கொண்டுபோனதும் தட்டு விலகியது. "அங்குட்டுப் போய் உக்காருங்கத்தா" என்றாள் இரக்கத்தோடு.

என்னைக் கணவன் இல்லாதவள் என்று நினைத்துவிட்டாள்! அபசகுனமாகப் பட்டது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர் முந்தின நாளிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

பின்கட்டுக்கு ஓடிப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே கெட்டிமேளம் கொட்டுகிறது. நான் கிணற்றடியில் நின்று, "முருகா, முருகா" என்று அழுதுகொண்டே திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனையாவது தடவையோ அவர் எடுத்து, "என்ன புள்ள, போன் தண்ணியில விழுந்துருச்சு. இப்பத்தான் சரி பண்ணிட்டு வாரேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பளிச்சென்ற பட்டும் தலை நிறையப் பூவும் இல்லாமல் கல்யாணத்துக்குக் கிளம்புவதில்லை. ஆனால் எங்கள் வீட்டு விசேஷம் என்றால் குங்குமத் தட்டை நானே வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். யார் என்ன புடவையில் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். தட்டு மட்டும் யாரையும் தாண்டிப் போகாது.