ஓடும் ரயிலிலிருந்து இறங்கிய கோச்சு வண்டிக்காரர்

டார்பிக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் நாலு குதிரைக் கோச்சு ஓட்டியவர் ஜேபஸ் கார்விக். ரயில் வந்த இரண்டாம் ஆண்டிலேயே கோச்சு நின்றது. குதிரைகள் ஏலத்தில் போயின. லீட்ஸ் ரயில் நிலையத்தில் பார்சல் வண்டி ஓட்ட ஆள் தேவை என்று மைத்துனன் சொல்லியனுப்பினான். 1842 ஜூன் மாதம் ஜேபஸும் மனைவி டாமரிஸும் முதல்முறையாக ரயிலேறினார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. இடுப்புயரப் பலகைச் சுவர்தான். கண்ணில் கரித்தூள் விழுந்தது. டாமரிஸ் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"குளம்புச் சத்தமே இல்ல. எவ்வளவு வேகம்னு எதை வெச்சுச் சொல்றது?" என்றார் ஜேபஸ்.

"என் வயித்தைக் கேளு, சொல்லும். பேசாம உக்காரு, ஜேபஸ்."

எதிரே இருந்த இறைச்சிக் கடைக்காரன் சிரித்தான். "சாட்டைய மறந்துட்டு வந்துட்டீரா, கோச்சுக்காரரே?"

"கழுதைங்களுக்குத்தான் சாட்டை. கொஞ்சம் கிட்ட வா, கையாலயே பாத்துக்கறேன்."

செஸ்டர்ஃபீல்டு தாண்டியதும் காற்று அவருடைய வெள்ளைத் தொப்பியைப் பறித்துக்கொண்டு போயிற்று. கோச்சில் தொப்பி பறந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பான். ஜேபஸ் யோசிக்கவே இல்லை. பலகையில் ஒரு கையை ஊன்றி, வாசற்படி இறங்குகிறவர்போல வெளியே இறங்கிவிட்டார்.

டாமரிஸ் திரும்பிப் பார்த்தபோது சரிவில் ஏதோ கறுப்பாக உருண்டுகொண்டிருந்தது. வளைவு அதையும் மறைத்தது.

"நிறுத்துங்க, ஆள் விழுந்துட்டாரு." கோச்சின் கூரையைத் தட்டுவதுபோலப் பலகையை இரு கைகளாலும் அடித்தாள்.

கடைக்காரன் முகம் வெளுத்திருந்தது. "கேக்காதும்மா. எஞ்சின்காரன் எங்கயோ முன்னால இருக்கான்."

"அப்ப யார்கிட்டதான் சொல்றது?"

"அடுத்த ஸ்டேஷன்லதான்."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. நாற்பது பேர் பார்க்க ஒரு மனிதன் விழுந்திருக்கிறான். வேகம் துளிகூடக் குறையவில்லை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த நிலையத்தில் கார்டு சலித்துக்கொண்டார். "தொப்பியா? போன வாரமும் ஒருத்தர் இப்படித்தான் குதிச்சாரு."

"அந்த ஆள் பிழைச்சாரா?"

கார்டு கொடியைச் சுருட்டினார். அவர்களுடைய துணிமணிப் பெட்டியோடு ரயில் புறப்பட்டுப் போனது. டாமரிஸ் நடைமேடையிலேயே நின்றாள்.

மாலையில் வந்த சரக்கு ரயிலில், நிலக்கரி மூட்டைகளின்மேல் ஜேபஸைக் கிடத்தியிருந்தார்கள். தண்டவாள வேலைக்காரர்கள் கண்டெடுத்து ஏற்றிவிட்டிருந்தார்கள். வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. கன்னம் முழுக்கச் சரளைக்கல். உயிர் இருந்தது.

அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. "அவன் ஏன் நிறுத்தல, டாமரிஸ்?"

"நீ விழுந்தது அவனுக்குத் தெரியாது. நாம யாருன்னே அவனுக்குத் தெரியாது, ஜேபஸ்."

"ஒரு கோழிக்கூடை விழுந்தாக்கூட நான் நிறுத்துவேனே."

லீட்ஸ் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. ஜேபஸ் ஒரு சத்திரத்து லாயத்தில் ஊன்றுகோலோடு மேலும் பதினோரு வருடம் வேலை பார்த்தார். 'அவன் ஏன் நிறுத்தல' என்ற அந்தக் கேள்வியை மட்டும், லாயத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.