இன்றே கடைசி

திண்டுக்கல்லில் மைக் கட்டிய ஆட்டோவில் விளம்பரம் சொல்லிக்கொண்டு போனவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள். சித்திரை வெயிலிலும் தொண்டைக்காக மப்ளர் சுற்றியிருப்பார். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு 'இன்றே கடைசி' என்று ஆவணி வரைக்கும் சொன்னவர் அவர்தான். மரண அறிவிப்பு என்றால் மட்டும் குரலை இறக்கி, இழுத்து இழுத்துச் சொல்வார்.

ஒரு கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. ஓடைக்கரையில் குடியிருந்த எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்ல, தாலுகா ஆபீஸ் அவரைத்தான் பிடித்தது. "இன்றே வெளியேறுங்கள்" என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தார். தெருவே சிரித்தது. ஒருவரும் கிளம்பவில்லை.

மத்தியானம் மரணக் குரலில் வந்தார். "ஓடைக்கரைத் தெருவைச் சேர்ந்த..." என்று இழுத்ததும் எல்லா வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

"யாருண்ணே செத்தது?" என்று கேட்டேன்.

மைக்கை அணைத்துவிட்டு, "இன்னும் யாரும் சாகலப்பு. அதுக்குள்ள கெளம்புங்கன்னுதேன் சொல்றேன்" என்றார்.

கிளம்பினோம். சாயங்காலம் ஓடை எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது.

பொங்கலுக்கு அதே ஆட்டோ 'இன்றே கடைசி' என்று வந்தது. வேட்டித் தள்ளுபடிதான். இருந்தாலும், ஓடையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.