பின்கியர் இல்லாத படகு

பருத்தித்துறைக்குப் பக்கத்து இன்பருட்டியில் கஜானனைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், 2025 மார்ச் 12ஆம் திகதிக்கு முன்னர் ஏழெட்டுப் பேர். அதுவும் அவனுடைய வாய்க்காக. அந்தத் திகதிக்குப் பின்னர் துறை முழுவதும்.

அன்று புதன்கிழமை. எல்லை தாண்டி வந்து பிடிபட்டு நீதிமன்றம் பறிமுதல் செய்த இந்திய இழுவைப்படகுகள் மயிலிட்டித் துறைமுகத்தில் ஏலம் போயின. மொத்தம் இருபத்திரண்டு. வாங்க வந்தவர்களில் பெரும்பாலானோர் பலகைக்கும் இரும்புக்கும் வந்தவர்கள், உடைத்து விற்கிறவர்கள். கஜானன் மட்டும் பதினேழாம் இலக்கப் படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கி, முக்கால் மணித்தியாலம் கழித்து, முழங்கை வரை கறுப்பெண்ணெயோடு ஏறி வந்தான். படகின் நீளம் முப்பத்தெட்டு அடி நான்கு அங்குலம். பின்தளத்தில் இழுவைமடி வலை கட்டுகிற இரும்புச் சட்டம் நின்றது. அதை அறுத்து எறிவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படகை எடுத்தான்.

அவனுக்கு வயது நாற்பத்தாறு. தகப்பனுடைய வள்ளம் 1990இல் கரையில் வைத்தே எரிந்து போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் படகு இருந்ததில்லை. சண்டைக் காலத்தில், உதிரிப்பாகம் ஒன்றும் வராத நாட்களில், மூன்று செத்த எஞ்சினைச் சேர்த்து ஓடுகிற ஒன்றாக்கப் பழகியவன். இருபத்துமூன்று வருடமாக ஊரின் படகு எஞ்சின்கள் அவன் கையால்தான் ஓடின. திருத்திக் கொடுக்கும்போது, ஓட்டத் தெரியாதவன் என்று உடையவனுக்கு ஒரு ஏச்சும் சேர்த்துக் கொடுப்பான். அடுத்தவன் படகு கடலுக்குப் போவதைக் கரையில் நின்று பார்த்தே தலை நரைத்தது. தனக்கென்று ஒரு தளம் வைத்த படகு, நாலு நாள் தங்கி ஆழத்தில் தூண்டில் போடக்கூடிய படகு, அவனுக்கு வேண்டியிருந்தது. புதிதாய்க் கட்ட வழியில்லை. கிடைத்தது இதுதான்.

ஊருக்கோ அது வேறு சாமான். கடலடியைச் சுரண்டிக்கொண்டு வருகிற இழுவைப்படகுகள் வடகரையில் அறுத்த வலைகளுக்கு அளவில்லை. கஜானனின் அக்கா நாகேஸ்வரியின் புருசன் முத்துக்குமாரு, 2021 ஜனவரி 27ஆம் திகதி காலையில், பதினான்கு வலைத்துண்டு போட்ட இடத்தில் மூன்றைத்தான் இழுத்தெடுத்தார். மற்றப் பதினொன்றும் போன திசை தெரியாது. ஏலம் நடந்த மறுநாள் அவர் கஜானனின் வாசல் படலை வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை.

"கள்ளன் கழட்டிப் போட்ட செருப்பைக் கொழுவிக்கொண்டு வாறாய். உந்தப் படகை இன்பருட்டிக்குக் கொண்டந்தாய் எண்டால் நானே கொள்ளி வைப்பன்."

"மண்ணெண்ணெயை என்னட்டை வாங்குங்கோ, அத்தான்," என்றான் கஜானன். "உங்கடையிலை பாதி தண்ணி."

அதோடு பேச்சு முடிந்தது. அக்கா வீட்டுக்காரர் அவனைக் கண்டால் சைக்கிளை மற்ற ஒழுங்கைக்குத் திருப்பினார்கள். அவனுடைய பட்டறையில் திருத்தத்துக்குக் கிடந்த எஞ்சின்கள் மார்ச் தொடக்கத்தில் பத்தொன்பது. ஏப்ரல் முடிவில் இரண்டு. அதில் ஒன்றின் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார்.

ஏலத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மே 30ஆம் திகதி பிற்பகல் நான்கு மணிக்குள் படகு மயிலிட்டியிலிருந்து தன் சொந்த எஞ்சினில் பருத்தித்துறைக்கு வந்து, துறைமுகத்தில் கட்டப்பட்டு, பரிசோதகரின் கையெழுத்தைப் பெற வேண்டும். வேறு படகு இழுத்து வந்தால் செல்லாது. தவறினால் விற்பனை இரத்து, படகு உடைக்கப்படும்.

எஞ்சினைக் கஜானன் பத்தொன்பதாம் நாள் உயிர்ப்பித்துவிட்டான். மாட்டிக்கொண்டது கியர்பெட்டியில். அதற்குள் பத்துத் தட்டுகள். ஐந்து படகை முன்னே தள்ளுவதற்கு. ஐந்து பின்னே இழுப்பதற்கு. பின்னே இழுக்கிற கியர்தான் படகுக்குப் பிரேக். அது இல்லாவிட்டால் கரைக்கு வருகிற படகை நிறுத்த வேறு வழி கிடையாது. பத்துத் தட்டும் எரிந்து வெடித்திருந்தன. கொழும்பில் இரண்டு கடை, நீர்கொழும்பில் ஒரு கடை பார்த்தான். எல்லா இடத்திலும் முப்பத்தொரு பல் வைத்த தட்டுத்தான் இருந்தது. இந்தத் தட்டில் இருபத்தொன்பது பல். விட்டமும் கால் அங்குலம் கூட. நாகப்பட்டினத்தில் இருக்கிற படகுச் சாமான் கடை ஒன்றுக்கு வட்சப்பில் படம் அனுப்பினான். படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தட்டைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. விசா எடுக்கப் பதினோரு நாள் போயிற்று. மே 19ஆம் திகதி திங்கட்கிழமை, எரிந்த தட்டு ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு காங்கேசன்துறையில் கப்பலேறினான்.

மறுநாள் காலை கடைக்காரர் தட்டைத் துடைத்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது கம்பெனித் தட்டு இல்லை என்றார். பக்கத்து அக்கரைப்பேட்டையில் ஒரு கடைசல்காரர் இரும்பை வெட்டிச் செய்தது; அவர் இப்போது கேரளத்துக்குப் போய்விட்டார்; இந்த அளவில் அவரிடம் செய்வித்தவர் ஒரே ஒருவர்தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆள் கரையில்தான் இருப்பார். கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். வருகிறவர் யார், தட்டு எங்கிருந்து வந்தது என்று அவர் இரண்டு பக்கமும் சொல்லவில்லை. வியாபாரத்தில் அது தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

வந்தவர் பெயர் அஞ்சப்பன். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள். கைப்பையில், முன்பு உதிரிக்கென்று செய்வித்து வைத்திருந்த புதுத் தட்டுகள் பத்தும் இருந்தன. மேசையில் கிடந்த எரிந்த தட்டைக் கண்டதும் பையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"மயிலிட்டியிலை நிண்ட படகு," என்றான் கஜானன். "ஏலத்திலை எடுத்தனான்."

"என் போட்ட எடுத்துக்கிட்டு, அதுக்குச் சாமான் வாங்க என் ஊருக்கே வந்திருக்க."

"உங்கடை போட் எங்கடை கடலுக்கு ஏன் வந்தது?"

பிறகு பத்து நிமிடம் போல இருவரும் நிறுத்தவில்லை. அஞ்சப்பன் தான் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த பதினாறு நாளைச் சொன்னார். படகு போன பிறகு, தானும் தம்பியும் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிற இரண்டு வருடம் நான்கு மாதத்தைச் சொன்னார். கஜானன் அத்தானுடைய பதினொரு வலையைச் சொன்னான். ஊரில் யாருக்காக அவன் ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லையோ அவருக்காக இங்கே தொண்டை கிழியக் கத்தினான். தூண்டிலுக்கு மாறினால் என்ன என்று கேட்டான். உன் கடலில் கோடு போட்டது யார் என்று அவர் கேட்டார். ஒருவர் சொன்னதில் மற்றவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கஜானனின் கண் பையில் இருந்தது. மறுநாள் கப்பல். அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் மிச்சம். பிறந்ததிலிருந்து ஒரு வாக்குவாதத்தையும் தானாக விட்டுக் கொடுத்தறியாத மனுசன், அன்றைக்கு முதல்முறையாகக் கையை உயர்த்தி, குரலை இறக்கிச் சொன்னான்.

"சரி. உதை விடுங்கோ."

யாழ்ப்பாணத்தில் இதைவிடத் தணிவான சொல் கிடையாது. முன்னால் நிற்கிறவர் பிடித்துக்கொண்டிருக்கிற பேச்சு எதுவோ அது 'உது'. அதை விடுங்கள், போதும் என்பதுதான் பொருள். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் 'உது' கிடையாது. உதை என்றால் காலால் உதைப்பதுதான்; உதை விடுவதென்றால் ஓங்கி ஒன்று கொடுப்பது. கையை வேறு உயர்த்தியிருந்தான்.

அஞ்சப்பனின் அடி இடது கன்னத்தில் விழுந்தது.

"எவன் ஊர்ல வந்து நின்னுகிட்டு எவனுக்கு ஒதை விடுற?"

கஜானன் மேசையில் கிடந்த பெரிய ஸ்பானர் சாவியை எட்டி எடுத்துவிட்டான். கடைக்காரர் கல்லாவைத் தாண்டி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அவருக்கு யாழ்ப்பாண வாடிக்கை பழக்கம்.

"அண்ணே, அவங்க பேச்சுல 'உது'ன்னா நீங்க சொல்லிக்கிட்டிருக்கிற விஷயம். அத விட்ருங்கன்னு சொல்றாரு. ஒதைக்கிறேன்னு சொல்லல."

அஞ்சப்பன் நம்பாமல் பார்த்தார். "அப்ப 'அத விடுங்க'ன்னு தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே."

"நான் தமிழ்தான் கதைச்சனான்," என்றான் கஜானன். சாவியை இன்னும் வைக்கவில்லை.

பிறகு அஞ்சப்பன் பையைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தார். ஐந்து வைத்துவிட்டுப் பையை மூடினார்.

"அடிச்சதுக்கு அஞ்சு. காசு வேணாம். போட்டுக்கு ஒண்ணும் கிடையாது."

மற்ற ஐந்துக்கும் என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றான் கஜானன். அவர் தலையை அசைத்தார். இரண்டாம் முறை கேட்டான். அதற்கும் அதே அசைவு.

"அப்ப மற்றக் கன்னத்திலையும் ஒண்டு போடுங்கோ. பத்தாப் போகும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அஞ்சப்பன் சிரிக்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "முன்னால நல்லாப் போவும். நிறுத்துறது உன் பாடு."

ஐந்து தட்டும் முன்கியருக்குப் போயின. பின்கியர்ப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. படகில் கூட வரச் சொல்லி இன்பருட்டியில் நான்கு பேரைக் கேட்டான். ஒருவன் காய்ச்சல் என்றான். ஒருவன் முத்துக்குமாரு அண்ணையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மற்ற இருவரும் கதவே திறக்கவில்லை. மே 30ஆம் திகதி வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்துக்கு, மயிலிட்டியிலிருந்து தனியாகப் புறப்பட்டான்.

பருத்தித்துறைத் துறைமுக வாயை ஒன்பது ஐம்பதுக்குப் பிடித்தான். உள்ளே படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தன. இருந்த இடைவெளி ஒன்றே ஒன்று. அதன் கோடியில் நின்றது முத்துக்குமாருவின் படகு. கடனெடுத்துக் கட்டியது, இரண்டு வருடம் ஆகவில்லை. கஜானனின் திட்டம் எளிது: தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்புறமாக நங்கூரத்தை எறிந்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் படகை நிறுத்துவது. ஆனால் சுக்கானுக்கு ஒரு ஆள் வேண்டும், கயிற்றுக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டுக்கும் தானே ஓடியதில் முதல் தடவை படகு பக்கவாட்டில் திரும்பியது. மறுபடியும் எஞ்சினைக் கிளப்பி வெளியே போனான். இரண்டாம் தடவையும் அதே கதை. கரையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கூவினார்கள், விசிலடித்தார்கள். கயிறு பிடிக்க ஒரு கை நீளவில்லை.

மூன்றாம் தடவைக்கு அவன் சுற்றி வருகையில், கரையிலிருந்து ஒரு சின்ன பைபர் படகு வெட்டிக்கொண்டு வந்தது. அதை இன்னொருவர் ஓட்ட, முத்துக்குமாரு பெரிய படகின் பக்கவாட்டைப் பிடித்துத் தொற்றி ஏறினார். அறுபத்திரண்டு வயது, ஏறி முடிய மூச்சு வாங்கியது.

"பின்கியர் இல்லையோ?"

"இல்லை."

"அது தெரிஞ்சோ வந்தனி?"

"ஓம்."

"விசரன்."

"அத்தான்..."

"வாயைப் பொத்து. உனக்காக வரேல்லை. அங்கை கட்டிக் கிடக்கிறது என்ரை படகு."

பின்தளத்துக்குப் போய்க் கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நங்கூரத்தைத் தூக்கி எறிந்தார். கயிறு கட்டையில் உரஞ்சிப் புகைந்தது. அவர் விட்டுவிட்டுப் பிடித்தார். கஜானன் சுக்கானை அசையாமல் வைத்திருந்தான். படகு முனகிக்கொண்டு நின்றபோது, அதன் மூக்குக்கும் முத்துக்குமாருவின் படகுக்கும் இடையில் இரண்டரை அடி இருந்தது.

பரிசோதகர் நிவேதனா என்ற இளம் பெண். படிவத்தோடு ஏறி, இழுவைச் சட்டம் அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். எஞ்சினைக் கேட்டாள். ஒவ்வொரு வரியாக அடையாளமிட்டு வந்தவள் ஐந்தாவது வரியில் பேனாவை நிறுத்தினாள். இந்த நீளப் படகை ஒருவர் தனியாக ஓட்டி வந்ததென்றால் கையெழுத்துப் போட முடியாது. படகில் வந்த இரண்டாம் ஆளின் பெயர் வேண்டும் என்றாள்.

அத்தானின் பெயரைச் சொல்லக் கஜானனுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டு அவர் மறுத்தால் படகு போயிற்று. முத்துக்குமாரு அந்தப் பக்கம் திரும்பி, ஈரக் கயிற்றை வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் அவள், "நீங்கள் உள்ளை வரேக்கை இந்தப் படகிலைதானே நிண்டனீங்கள்?"

முப்பது பேர் பார்த்த விசயம். பொய் சொல்ல வழியில்லை. "நங்கூரம் போட வந்தனான். வேறை ஒண்டுமில்லை."

அவள் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். 'இரண்டாம் ஆள்: முத்துக்குமாரு – நங்கூரம்' என்றிருந்தது.

"உதை வெட்டிவிடுங்கோ, பிள்ளை."

"நடந்ததைத்தான் எழுதினனான், ஐயா." கையெழுத்துப் போட்டு நேரத்தையும் குறித்தாள்: 10.52.

முத்துக்குமாரு கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பெயரை நீக்கச் சொல்லி இதுவரை மூன்று தடவை அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

படகை இன்பருட்டியில் கட்ட இன்றுவரை விடவில்லை. மற்ற ஐந்து தட்டும் அக்கரைப்பேட்டையில் அஞ்சப்பனிடம்தான் இருக்கின்றன. ஜூனிலிருந்து கஜானன் ஒன்பது தடவை பருத்தித்துறைக்குள் வந்திருக்கிறான். ஒன்பது தடவையும் முத்துக்குமாரு தன் படகு கட்டிக் கிடக்கிற இடத்திலிருந்து பைபர் படகில் வெளியே வந்து, ஏறி, நங்கூரத்தை எறிந்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அவ்வளவு நாளிலும் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு மூன்று சொல்: பிடி, விடு, கட்டு.