எட்டாவது ஆள்

ஒரு காலத்துக் குத்துச்சண்டையை அளக்க சாம்பியனைப் பார்க்கக் கூடாது, தரவரிசையில் எட்டாவது ஆளைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். எங்கள் என்றால் நானும், சேலையூரில் கணக்கு வாத்தியாராக இருந்த என் நண்பனும். எழுபதுகளின் தொடக்கம் அது. இருவருமே ஒரு ஹெவிவெயிட் சண்டையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய அமெரிக்கப் பத்திரிகைகள்தான் ஆதாரம். அதை வைத்துக்கொண்டு என்ன வாய் எங்களுக்கு!

சாயங்காலம் நான் ரயிலைவிட்டு இறங்கும்போது, தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் சைக்கிளோடு நிற்பான். ஆளுக்குப் பத்துப் பேர் பட்டியல். அவனுக்கு யுத்தகாலத்து வீரர்கள், எனக்கு அன்றைய வீரர்கள். பத்தாவது ஆளோடு பத்தாவது ஆளை மோதவிட்டு மேலே ஏறுவோம். சாம்பியன்கள்வரை ஒருநாளும் போனதில்லை. அதற்குள் எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.

"உன் ஆள் அத்தனை வருஷம் சாம்பியனா இருந்தான்னா, கீழ ஆளே இல்லைன்னு அர்த்தம்" என்பேன்.

"அவன் அவ்ளோ ஒசரம் மச்சான். பக்கத்துல நின்னவன்லாம் குள்ளமா தெரிஞ்சான்" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை, எட்டாவது ஆளிலேயே கையைத் தூக்கிவிட்டான். "சரி மச்சான், உன் காலம்தான் பெரிசு. ஒத்துக்கறேன்." செத்தாலும் ஒத்துக்கொள்கிற ஜென்மம் இல்லை அவன். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், ஜெயித்த மிதப்பில் இரும்புலியூர்வரை விசிலடித்துக்கொண்டே நடந்தேன்.

திங்கட்கிழமை சைக்கிள் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். எத்தியோப்பியாவில் வாத்தியார் வேலை கிடைத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டானாம். "வெள்ளிக்கிழமை உங்ககிட்ட சொல்லிக்கணும்னுதானே சார் சீக்கிரமா போனாரு?" என்றார் கூட வேலை பார்த்தவர். அவன் எங்கே சொல்வது, நான் வாயை மூடினால்தானே.

இரண்டு கடிதம் போட்டான். உடம்பு, அந்த மலையூர்க் குளிர், சம்பளம். குத்துச்சண்டை பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் கடிதமும் நின்றுவிட்டது.

வெகுகாலம் கழித்து டிவியில் ஓடிய பழைய சண்டைப் படமொன்றில் அவனுடைய சாம்பியனைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி, நான்தான் தப்பு. அதை அவனிடம் சொல்ல இன்றைக்கும் மனம் கிடந்து தவிக்கிறது. அவனுக்குப் பிறகும் நல்ல நண்பர்கள் வாய்த்தார்கள், குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிந்தார்கள்.