ஆம்புலன்ஸ் வரிக்கு எல்லோரும் ஆமாம்

'ஆம்புலன்ஸ் வரிக்கு ஆமாம் போடுங்கள்' என்ற அட்டையை எங்கள் ஊரில் முதலில் தன் வாசல் புல்லில் நட்டவள் வெல்மா ஸ்டக்கி. நடாமல் இருப்பாளா? புருஷன் மெர்லுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் எழுவதும் உட்காருவதும். மூச்சுத் திணறினால் நான்தான் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அந்த வண்டி ஓடுவதே, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊரார் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொள்ளும் வீட்டு வரியில்தான். எப்போதும் சுலபமாகத் தேறிவிடும்.

இந்த முறை வரியைக் கூட்டிக் கேட்டோம். பள்ளிக்கூடம் வேறு தனியாக ஒரு வரி கேட்டது. மெர்லின் பென்ஷன் மருந்துக்கே சரியாக இருந்தது. வரி பாக்கி விழுந்தால் வீடு போய்விடும். வெல்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தீயணைப்பு நிலையத்தில் ஓட்டு கேட்பதற்காக நாங்கள் வைத்த பான்கேக் விருந்தில் கூட்டம் வழிந்தது. இத்தனை பேர் ஆமாம் போடும்போது நான் ஒருத்தி வேண்டாம் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்து வெல்மா வேண்டாம் போட்டுவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எண்ணினால் சரிபாதி. சரிபாதி என்றால் வரி தோற்றது. எங்கள் ஒஹையோ மாநிலத்தில் அதுதான் சட்டம். வருஷம் பிறந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இனி பக்கத்து ஊர் வண்டிதான், வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

வசந்தத்தில் மறு ஓட்டு. வீடு வீடாகப் போய்க் கேட்க வெல்மாவைவிட யார் பொருத்தம் என்று அவள் தலையிலேயே கட்டினார்கள். துணைக்கு நான்.

முதல் வீட்டில் சோளக்காட்டுக்காரன் கிளீட்டஸ். "நானா? நான் எப்பவும் ஆமாம்தான். வேண்டாம்னு போட்ட பாவி யாருன்னு சொல்லு, அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"நானும் ஆமாம்தான் போட்டேன்" என்றாள் வெல்மா.

அடுத்த வீட்டு நொரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மெர்லை நினைச்சுத்தான்டி போட்டேன்."

அந்தத் தெரு முழுக்க இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெல்மா வீட்டுக்குத் திரும்பியதும் மெர்ல் கேட்டான்: "யாரு வேண்டாம்னு போட்டாங்களாம்?"

"யாருமே இல்லையாம். பசுமாடுங்க வந்து போட்டுட்டுப் போயிருக்கும்" என்றேன்.

மெர்ல் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சை அடைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. என் கை தானாக இடுப்பில் வண்டிச் சாவியைத் தேடியது, சாவியைத்தான் வாங்கிவிட்டார்களே. வெல்மா ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிட்டு அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். செத்தான் என்று நினைத்தபோது அவனுக்கு மூச்சு திரும்பியது.

"அடுத்த தடவையாவது ஆமாம்னு போடு, வெல்மா" என்றான்.

அவள் கை நின்றது. நான் சுவரைப் பார்த்தேன்.

"ஓட்டுப் போட்ட அன்னைக்கு வந்து ஆப்பிள் பை பலகாரம் சுட்டே. ஏதாவது தப்புப் பண்ணினாத்தானே நீ எனக்கு அந்தப் பலகாரம் சுடுவே."

வெல்மா அழவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்: "ஆமாம்னு போட்டா வீடு போயிடும். போடலேன்னா நீ போயிடுவே. நான் என்ன பண்றது, மெர்ல்?"

மெர்ல் அவள் கையை இழுத்துத் தன் முதுகில் மறுபடி வைத்துக்கொண்டான்.